இயற்கை நடைபாதை

நுழையும் முன்

காட்டில் நடப்பதற்குப் பாதை வேண்டும். அப்பாதை நமக்கு மட்டும் உரியதா, காட்டிற்கும் நன்மை தருவதா? தில்லி மாணவர் எண்மரின் பட்டறிவைப் படித்து விடை காண்போம்.

பாடம்

தில்லி மாநகரின் தென் எல்லையில், ஆரவல்லி மலைத்தொடரைச் சார்ந்து அமைந்துள்ளது அசோலா பட்டி காட்டுயிர்ப் புகலிடம். 1986ஆம் ஆண்டில் அசோலா முதலிய சிற்றூர்களின் பொதுநிலங்கள் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. 1991இல் பட்டிப் பகுதியும் அதனோடு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர், அங்கே கட்டடப் பணிகளுக்காக மணலும் கல்லும் வெட்டி எடுக்கப்பட்டன. தலைநகரில் மாடங்கள் உயர்ந்தன; மலையில் குழிகள் ஆழ்ந்தன. அக்குழிகள் சிலவற்றில் இன்று நீர் நிறைந்து ஏரிகளாகக் காட்சி தருகின்றன. நீலகாயும் நரியும் மயிலும் அங்கே வாழ்கின்றன. சிறுத்தையின் நடமாட்டமும் பதிவாகியுள்ளது.

எம் பள்ளி மாணவர் தோழமைக் குழுவினர் எண்மர், வனத்துறையின் இசைவுடன், குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அங்குள்ள நடைபாதை ஒன்றைச் சீர்செய்ய முன்வந்தனர். மழைக்காலத்தில் அப்பாதையே ஓடையாகி மண் அரிக்கப்பட்டிருந்தது. பள்ளத்திற்கு அஞ்சியவர்கள் ஓரமாக நடந்தனர். மிதிபட்ட ஓரத்தில் புல் மடிந்தது. அங்கும் மண் அரித்தது. இவ்வாறு ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதைபோல் அகன்றுவிட்டது.

மாணவர்கள் சரிவான இடங்களில், பாதையின் குறுக்கே கற்களை வரிசையாகப் பதித்தனர். அவ்வரிசையை நேராக அமைக்காமல் சாய்வாக அமைத்தனர். நேராக அமைத்தால் நீர் தேங்கி, கல்லின் மேலாக வழிந்து மீண்டும் அரிக்கும். சாய்வாக அமைத்தால் நீர் விரைவு தணிந்து பக்கத்தே வடிந்துவிடும். பாதை அகன்ற இடங்களில், கீழே விழுந்து உலர்ந்த முட்கிளைகளை ஓரங்களில் பரப்பினர். நடப்போரின் கால்கள் தாமாகவே நடுவழிக்குத் திரும்பின.

ஒருநாள், மாணவன் ஒருவன், "ஐயா, இங்கே எங்கும் விலாயதி கீகர் மண்டிக் கிடக்கிறது. இது அயல்நாட்டு மரம். பிற மரங்களை வளரவிடாது. இன்றே வெட்டிவிடலாமா?" என்று வினவினான். அருகில் நின்ற வனக்காவலர் மறுத்துத் தலையசைத்தார். "1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இசைவின்றி இங்கே ஒரு கிளையையும் வெட்டக்கூடாது. வெட்டினாலும் அடிமரம் மீண்டும் துளிர்க்கும். அதோ, அதில் பறவை கூடு கட்டியிருக்கிறது. முதலில் நாட்டு மரங்கள் வளர வேண்டும்" என்றார்.

அப்போது மாணவி ஒருத்தி மெல்லப் பேசினாள்: "ஐயா, எங்கள் தாத்தா ஊர் இராமநாதபுரத்துப் பக்கம். கண்மாயெல்லாம் இந்த மரம் பரவிவிட்டதே என்று அவர் வருந்துவார். ஆனால், இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் அங்கே பலர் பிழைக்கிறார்கள். நாங்கள் இதைச் சீமைக் கருவேலம் என்போம்."

அனைவரும் வியந்தனர். கீகர் என்பது கருவேலம். விலாயதி என்பது சீமை. இருவேறு ஊர்மக்கள் ஒரே மரத்திற்கு ஒரே பொருளில் பெயரிட்டிருந்தனர்! அன்றுமுதல் மாணவர்கள் தம் குறிப்பேட்டில் தமிழுக்கும் ஓர் இடம் வகுத்தனர். பேர் என்பதற்கு நேரே இலந்தை, தாக் என்பதற்கு நேரே புரசு, நீம் என்பதற்கு நேரே வேம்பு என எழுதினர். வீட்டிற்குத் தொலைபேசியில் பேசி, பாட்டியிடம் பெயர் கேட்டவர்களும் உண்டு.

மழைக்காலம் முடிந்தபின் மீண்டும் சென்றோம். மூன்று வரிசைகளில் கற்கள் பெயர்ந்து கிடந்தன. அவை சிறிய கற்கள், ஆழமாகப் பதிக்கப்படாதவை. மற்ற வரிசைகள் நிலைத்திருந்தன. முட்கிளைகளுக்கு இடையே புல் முளைத்திருந்தது. அப்புல்லை மிதிக்காமல் ஒருவர்பின் ஒருவராக நடந்து சென்று, பெரிய கற்களைத் தேர்ந்து, பாதிக்குமேல் மண்ணில் புதையுமாறு மாணவர்கள் மீண்டும் பதித்தனர்.

சொற்பொருள்

புகலிடம் – அடைக்கலம் தரும் இடம், சரணாலயம்
இசைவு – ஒப்புதல்
பட்டறிவு – அனுபவம்
கண்மாய் – பாசன ஏரி
கரிமூட்டம் – விறகை மூடி எரித்துக் கரி எடுக்கும் முறை

மொழி அறிவோம்

அயல்நாட்டிலிருந்து வந்த பொருள்களுக்குச் 'சீமை' என்னும் அடைமொழியைச் சேர்த்து வழங்குவது தமிழர் வழக்கம். எடுத்துக்காட்டு: சீமை எண்ணெய் (மண்ணெண்ணெய்).

பயிற்சி

1. ஒற்றையடிப் பாதை அகன்றதற்குக் காரணம் யாது?
2. கற்களைச் சாய்வாகப் பதிப்பதன் பயனை விளக்குக.
3. சீமைக் கருவேலத்தைப் பற்றி வனக்காவலர் கூறியதையும் மாணவி கூறியதையும் ஒப்பிட்டு, உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் வீட்டருகே உள்ள ஐந்து மரங்களின் பெயர்களை அவ்வூர் மொழியில் எழுதுக. பெரியோரிடம் கேட்டு அவற்றின் தமிழ்ப் பெயர்களை நேரே எழுதுக.