ஆரணித் தட்டச்சுப் பயிலகமும் அதன் மாணாக்கரும்

கல்லூரி என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் நம்மனோர் உள்ளத்தில் ஓங்கிய மாடங்களும் அகன்ற நூல்நிலையமும் பட்டமளிப்பு விழாவுமே தோன்றும். ஆயினும் இவை ஒன்றும் இன்றி, கடைத்தெருவில் மாடிப்படிக்கு மேல் ஓரறையளவில் நின்று, ஒரே தொழிலைக் கற்பித்து வரும் கல்விச்சாலைகளும் நம் நாட்டில் உள. அவற்றுள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயிற்றும் தனியார் பயிலகம் தலையாயது. 'டைப் கிளாஸ்' என்றே ஊரார் அதனை வழங்குவர். பட்டு நெசவிற் பேர்பெற்ற ஆரணியில் இத்தகைய பயிலகம் யாது செய்கின்றது, அதன் மாணாக்கர் யாவர் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்தது ஆரணி. 1751இலும் 1782இலும் இங்கு நிகழ்ந்த போர்களால் வரலாற்று நூல்கள் இவ்வூரை அறியும். அரிசியாலும் பட்டாலும் நாடெங்கும் அறியும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுளது. இவ்வூர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு முதற் பள்ளி தறிக்குழியே. தார் சுற்றுதல், அறுந்த இழையை முடிதல், பின்னர்ப் பலகையில் அமர்ந்து மிதியும் ஓடமும் பழகுதல் என அக்கல்வி படிப்படியாய் ஏறும். ஆண்டுகள் பல பிடிக்கும் அருங்கல்வியே அது. ஆனால் அதற்குச் சான்றிதழ் இல்லை. தந்தையும் மகனும் அறிந்த அத்திறன், தறியை விட்டு எழுந்து பிறிதோர் அலுவலகத்தின் வாயிலில் நின்றக்கால், எழுத்தில் காட்டுதற்கு ஒன்றும் இல்லாததாய் முடிகின்றது.

தொழிலைப் பள்ளியில் வைத்துக் கற்பித்தல் ஆரணிக்குப் புதிதன்று. ஆர்க்காட்டு அமெரிக்க மிஷனார் முன்னாளில் இங்கு ஒரு தொழிற்பள்ளி நடத்தினர். அது பின்னர்க் காட்பாடிக்குப் பெயர்ந்தது. அலுவலகத் தொழிலைக் கற்பிக்கும் சிறு கல்லூரிகளோ மேனாட்டில் அதற்கும் முந்தியவை. ஜான் ராக்பெல்லர் 1855இல் கிளீவ்லாந்து நகரத்து வணிகக் கல்லூரி யொன்றிற் சில வாரங்களே கணக்குப் பதிவு கற்று, அவ்வாண்டிலேயே உதவிக் கணக்கராய் அமர்ந்தார். பிட்மன் 1837இற் சுருக்கெழுத்து நூலை வெளியிட்டதும், 1870களில் ரெமிங்டன் நிறுவனத்தார் தட்டச்சுப் பொறியை விற்கத் தொடங்கியதும் இவ்வகைக் கல்லூரிகளுக்கு மேலும் இருவகைப் பாடங்களை அளித்தன.

இனிப் பாடத்தைக் காண்போம். ஆங்கிலப் பொறியில் இடக்கை விரல்களை ஏ, எஸ், டி, எஃப் என்னும் விசைகளின்மேல் இருத்தித் தொடங்குவர்; தமிழ்ப் பொறியில் அவ்விடத்தே ய, ள, ன, க என்பன நிற்கும். முதல் நாட்களில் இவற்றையே மீண்டும் மீண்டும் தட்டித் தாளை நிரப்பவேண்டும். விசையை நோக்கலாகாது, கண் பாடத்தின்மேல் இருக்க, விரல் தானே வழியறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்திற் பிறந்து மலேயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா அமைத்த விசைப்பலகையே தமிழ்ப் பொறிக்கு அடிப்படையாயிற்று. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை நாற்பத்தாறு விசையளவில் அடக்கிய அவர் அறிவை என்னென்பது!

இலக்கணம் பயில்வார்க்கு இப்பொறியில் வியப்பொன்று உண்டு. மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியொடு நிற்றல் எனத் தொல்காப்பியர் வகுத்தார். நாம் எழுதுங்கால் ககரத்தை வரைந்து, அதன்பின் தலையிற் புள்ளியிடுகின்றோம். பொறியிலோ புள்ளி முந்துகின்றது. புள்ளிக்குரிய விசையைத் தட்டினால் தாளைத் தாங்கிய உருளைச்சட்டம் நகராது நிற்கும்; அடுத்துக் ககரத்தைத் தட்ட, அது புள்ளியின் கீழ் வந்து பொருந்தும்; அதன்பின்னரே சட்டம் ஓரிடம் நகரும். இகரக் கொக்கிக்கும் இதுவே முறை. 'கொ' என்பதற்கோ மூன்று தட்டுக்கள் வேண்டும். ஆதலின் தமிழ் மாணாக்கர் சொல்லைச் செவியிற் கேட்ட முறையை மறந்து, தாளிற் பதியும் முறையைக் கைக்குக் கற்பிக்க வேண்டியவராகின்றனர். ஆங்கிலத்தில் விரைந்தோடும் விரல் தமிழில் முதலில் தடுமாறுதற்குக் காரணம் இதுவே யன்றி, மொழியின் குறையன்று.

மாணாக்கர் கூட்டம் வேறெந்தக் கல்லூரியிலும் காணலாகாத கலப்புடையது. ஒருவர்க்கு ஒரு பொறி, ஒரு மணி நேரம் என்பது வழக்கம். விடியற்காலை வகுப்பிற்குப் பள்ளி மாணவர் வருவர். பகலில், சமையல் முடித்த இல்லத்தரசியரும் மேனிலைத் தேர்வெழுதி முடிவுக்குக் காத்திருக்கும் பெண்களும் வருவர். மாலையில் கல்லூரி மாணவரும் கடைகளிற் பணிசெய்வோரும் வருவர். தாயும் மகளும் அடுத்தடுத்த பொறியில் அமர்தலும் உண்டு. முந்திச் சேர்ந்தவர் முந்துவர் என்பதின்றி, விரல் முந்தியவரே முந்துவர். யான் சென்று கண்ட பயிலகத்தின் ஆசிரியை, நெசவாளர் வீட்டுப் பெண்கள் மெல்லிய இழையை முடிந்து பழகினமையால் விசையை வீணே ஓங்கி அடிப்பதில்லை என்றார். அவ்வுரையில் அன்பின் பங்கும் உண்டு.

அப்பெண்களின் வருகைக்குப் பின்னே ஒரு வீட்டுக் கணக்கு இருத்தலை மறத்தலாகாது. மகள் பயிலகத்திற் கழிக்கும் ஒரு மணி நேரம், தார் சுற்றும் இராட்டைக்கு இழப்பாகும். தாய் அவ்வேலையையும் மேற்கொள்வாள். நெசவாளிக்குக் கூலி சேலையை அறுத்துக் கொடுத்த பின்னரே வரும். முதலாளியிடம் முன்பணம் பெற்றிருந்தால் அதிலும் ஒரு பகுதி கழியும். மாதந்தோறும் தவறாது வரும் சம்பளம் என்பது அவ்வீட்டிற்கு எத்துணைப் பெரிய சொல் என்பதை இக்கணக்கறிந்தாரே அறிவர்.

இப்பயிலகத்தின் தனிச் சிறப்பென யான் கருதுவது யாதெனின், கற்பிப்பவர் சான்றிதழ் வழங்குதற்கு உரியரல்லர் என்பதே. தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே ஆண்டுக்கு இருமுறை, பெரும்பாலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், தேர்வு நடத்துகின்றது. ஆங்கிலத்தில் விரைவுத்தாளுக்குப் பத்து நிமிடம். இளநிலைக்கு 1,500 தட்டுக்கள், முதுநிலைக்கு 2,250 தட்டுக்கள். தேர்வு நாளில் பயிலகத்தார் தம் பொறிகளை வண்டியிலேற்றித் தேர்வு மையத்திற்குக் கொண்டுசெல்லுங் காட்சி, ஊர்த்திருவிழாவுக்குத் தேர்ப்பொருள்களைக் கொண்டுசெல்லுதலை ஒக்கும். ஆரணி மாணவியும் சென்னை மாணவனும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவர். கட்டணம் வாங்கிய கையே பட்டமும் வழங்கும் நிலையங்களில் நேரும் தளர்ச்சிக்கு இங்கே இடமில்லை. பெயரறியாச் சிறு பயிலகத்தின் சான்று பெரிய நிலையத்தின் சான்றோடு ஒப்ப நிற்பது இதனாலேயே.

எனினும் சான்று வேறு, பதவி வேறு. அரசுத் தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேர்ச்சி வேண்டும். ஒன்றிலேனும் முதுநிலை வேண்டும். அதன்மேல் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வும் எழுதவேண்டும். அத்தேர்வு விரலைச் சோதிப்பதன்று. தமிழையும் பொது அறிவையும் சோதிப்பது. 2022இல் அதற்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் எல்லாப் பதவிகளுக்குமாக 7,301. தட்டச்சுச் சான்றுடையார்க்கு உள்ள நன்மை, தட்டச்சர் இடங்களுக்குப் போட்டியிடுவோர் தொகை சுருங்குதலே. அரசு வேலை என்று பலகையிற் பெரிதாய் எழுதும் பயிலகத்தார், இவ்விரண்டு எண்களையும் அதன் கீழே சிறிய எழுத்திலேனும் எழுதினால் நன்றாம். பெற்றோர் கடன்பட்டுக் கட்டணம் செலுத்துமிடத்து அவ்வுண்மை மறைக்கத்தக்கதன்று.

பொறிகளின் நிலையையும் ஒருவாறு கூறுவோம். 1955இல் கோத்ரெஜ் நிறுவனத்தார் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை நிறுத்திவிட்டனர். ஆதலின் பழுதான ஒரு பொறியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றிற் பொருத்தியே பயிலகங்கள் காலந் தள்ளுகின்றன. அலுவலகங்களிற் கணினி வந்தபின், அதற்கென அரசு நடத்தும் கணினித் தேர்வையும் தட்டச்சர் எழுத வேண்டியதாயிற்று. விரலோட்டம் மட்டும் பொறியிற் கற்றதே. கணினியிலும் அது உதவுகின்றது.

பதவி கிட்டாதார் எங்குச் செல்கின்றனர்? சிலர் வழக்கறிஞர் அறைகளிலும், சார்பதிவாளர் அலுவலகத்தருகே பத்திரம் எழுதுவோரிடத்தும், அச்சகங்களிலும் அமர்கின்றனர். சிலர் அரிசி ஆலைகளிற் கணினிக் கணக்குப் பார்க்கின்றனர். மணமாகி வேற்றூர் சென்ற பெண்கள் சான்றிதழைப் பெட்டியில் வைத்து, அடுத்த தேர்வறிவிப்பை நோக்கியிருக்கின்றனர். சிலர் தறிவீட்டிற்கே திரும்பி, வெளியூர்க் கடைகளிலிருந்து வரும் சேலைக் கட்டளைகளைத் தட்டச்சிட்டு, நிறமும் அளவும் விலையும் குறித்துத் தந்தைக்குப் படித்துக் காட்டுகின்றனர். முன்னர் அவ்விலையை முதலாளி சொல்லக் கேட்டதன்றித் தந்தை எழுத்திற் கண்டதில்லை.