தேவதாயின் மகிழ்ச்சியும் வியாகுலமும்

தபசு காலத்திற்கு ஒரு ஞானப் பாடம்



தபசு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை செய்து, ஆண்டவருடைய திருப்பாடுகளைத் தியானித்து வருகிறோம். பெரும்பாலான வருஷங்களில் இக்காலத்தின் நடுவிலேதான் மார்ச் 25-ஆம் தேதி மங்கள வார்த்தைத் திருநாள் வருகிறது. அதுவரை ஊதா உடை தரித்துப் பூசை செய்த குருவானவர் அன்று வெண்ணிற உடை தரிக்கிறார். தபசு காலத்தில் நிறுத்தப்பட்டிருந்த உன்னத கீதம் அன்று மறுபடியும் கோவிலில் ஒலிக்கிறது. சர்வேசுரனுடைய சுதன் ஒரு கன்னிகையின் திருவுதரத்தில் மனுஷாவதாரமான நாள் அது. அதிலிருந்து சரியாக ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வரும்.

பாடுகளை நினைந்து துக்கிக்கும் காலத்தில் இந்த மகிழ்ச்சித் திருநாள் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். இது பஞ்சாங்கக் கேள்வி மட்டுமல்ல. நமது வீடுகளுக்குள்ளும் எழுகிற கேள்வி. சாவு நிகழ்ந்த வீட்டில் ஜெபமாலை சொல்லக் கூடும்போது, "இங்கே சந்தோஷ தேவ இரகசியங்களைச் சொல்லலாமா, துக்க தேவ இரகசியங்களை மட்டும்தான் சொல்ல வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேறு சிலரோ, பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து, "விசுவாசமுள்ளவள் இப்படி அழலாமா? மாதா அழுதாளா?" என்று கண்டிக்கிறார்கள். முதல் பேச்சு துக்க வீட்டிலிருந்து மகிழ்ச்சியைத் துரத்துகிறது. இரண்டாவது பேச்சு விசுவாசத்திலிருந்து கண்ணீரைத் துரத்துகிறது. இவ்விரண்டும் சரிதானா என்பதைத் தேவதாயின் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்வோம்.

1. கருவறையும் கல்லறையும்

ஆண்டவர் கருவில் உற்பவித்த தேதியும் அவர் சிலுவையில் மரித்த தேதியும் ஒன்றே, அது மார்ச் 25 என்று பூர்வ காலக் கிறிஸ்தவர்களில் பலர் நம்பினார்கள். அர்ச். அகுஸ்தீனார் திரித்துவத்தைப் பற்றிய தமது நூலில் இந்த நம்பிக்கையைக் குறிப்பிட்டு, ஓர் அழகான ஒப்பும் காட்டுகிறார். சேசுநாதர் குடியிருந்த கன்னி உதரத்தில் அவருக்கு முன்னும் பின்னும் வேறெவரும் இருந்ததில்லை. அவரை அடக்கஞ் செய்த புதுக் கல்லறையும் அப்படியே என்கிறார்.

அந்தத் தேதி சரித்திரப்படி சரியா தவறா என்பது விசுவாச சத்தியமல்ல. அதில் அடங்கிய கருத்தே நமக்கு முக்கியம். சுதனானவர் மனிதனானது எதற்காக? நமக்காகத் தம்மைப் பலியாக்க. பலியாவதற்குச் சரீரம் வேண்டும். அச்சரீரத்தை அவருக்குக் கொடுத்தவள் மரியம்மாள். ஆகவே நாசரேத்தூரில் அவள் சொன்ன சம்மதம் தொட்டிலோடு முடிகிற சம்மதமல்ல. கல்வாரி வரை நடக்கிற சம்மதம். 1964-ஆம் வருஷம் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டின் எட்டாம் அதிகாரமும், தாம் பெற்ற மகனின் பலிக்கு மரியம்மாள் அன்போடு இசைந்து சிலுவையடியில் நின்றாள் என்றே போதிக்கிறது.

நமது காலத்திலும் 2005-ஆம் வருஷமும் 2016-ஆம் வருஷமும் பெரிய வெள்ளிக்கிழமை மார்ச் 25 அன்றே வந்தது. அவ்விரு வருஷங்களிலும் திருச்சபை மங்கள வார்த்தைத் திருநாளைப் பாஸ்குவின் எட்டாம் நாள் கழித்து, ஏப்ரல் 4-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தது. தள்ளி வைத்ததே தவிர, தள்ளி விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2. இரண்டு கணக்கிலும் வரும் நிகழ்ச்சிகள்

ஜெபமாலையின் சந்தோஷ தேவ இரகசியங்கள் ஐந்து: கபிரியேல் சம்மனசு மங்களம் சொன்னது, எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது, சேசு பாலன் பிறந்தது, பாலனைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது, காணாமற்போன பாலனைக் கோவிலில் கண்டடைந்தது.

தேவதாயின் வியாகுலங்கள் ஏழு: சிமையோன் உரைத்த தீர்க்கதரிசனம், எகிப்துக்கு ஓடிப்போனது, பாலன் மூன்று நாள் காணாமற்போனது, சிலுவை சுமந்து வந்த மகனை வழியில் சந்தித்தது, அவர் சிலுவையில் மரித்தது, அவருடைய திருச்சரீரத்தை இறக்கியது, அதை அடக்கஞ் செய்தது. இவற்றை நினைவுகூரும் திருநாளை 1814-இல் ஏழாம் பத்திநாதர் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். பிற்பாடு 1913-இல் அது செப்டம்பர் 15-ஆம் தேதிக்கு, அதாவது திருச்சிலுவை மகிமைத் திருநாளுக்கு மறுநாளுக்கு, நியமிக்கப்பட்டது.

பிள்ளைகள் இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். கோவிலில் காணிக்கை கொடுத்த அதே நாளில்தான் முதியவர் சிமையோன் பாலனைக் கையில் ஏந்தி ஆனந்தித்தார். தாயின் உள்ளத்தை வாள் ஊடுருவும் என்று சொன்னவரும் அவரே. பாலனைக் கண்டடைந்தது சந்தோஷமானால், அதற்கு முந்திய மூன்று நாள் தேட்டம் வியாகுலம். ஆகவே ஒரே நிகழ்ச்சி சந்தோஷக் கணக்கிலும் வருகிறது, வியாகுலக் கணக்கிலும் வருகிறது. மாதாவின் வாழ்க்கையில் சந்தோஷத்துக்கு ஒரு காலம், துக்கத்துக்கு ஒரு காலம் என்று வரப்புப் போட்டுப் பிரிக்க முடியாது. ஒரே வயலில் இரண்டும் விளைந்தன.

3. வீரமாமுனிவர் காட்டிய வழி

நமது கீரனூருக்குத் தொலைவில்லாத ஆவூரை அறியாதவர் நம்மில் இல்லை. ஈஸ்டர் காலத்துப் பாஸ்காவும் தேரும் பார்க்க நம்மவர் குடும்பத்தோடு போய் வருகிறார்கள். அந்த ஆவூரில் பணிபுரிந்த குருக்களில் ஒருவர் வீரமாமுனிவர். இத்தாலியாவில் 1680-இல் பிறந்து, தமிழ்நாட்டிலே சுமார் 36 வருஷம் உழைத்து, 1747-இல் மரித்தவர். அவர் அர்ச். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி பாடியதைப் பலரும் அறிவார்கள். தேவதாயின் துயரத்தைப் பற்றி 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்ற நூலையும் அவர் பாடியிருக்கிறார் என்பதைச் சிலரே அறிவார்கள்.

அந்தாதி என்பது என்ன? ஒரு பாட்டின் முடிவில் நிற்கும் சொல்லோ எழுத்தோ அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும். இப்படியே தொடுத்துக்கொண்டு போய், கடைசிப் பாட்டின் முடிவை முதற் பாட்டின் தொடக்கத்தோடு இணைத்து மாலையாக முடிப்பது வழக்கம். மாதாவின் வாழ்க்கையும் ஓர் அந்தாதி போன்றதே. பெத்லகேமில் அவள் பாலனைத் துணியில் சுற்றி முன்னிட்டியில் கிடத்தினாள் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். அதே லூக்காஸ், அரிமத்தியா ஊர்ச் சூசை என்பவர் ஆண்டவருடைய சரீரத்தைத் துணியில் சுற்றிக் கல்லறையில் கிடத்தினார் என்றும் எழுதுகிறார். முன்னிட்டியும் அவருக்குச் சொந்தமல்ல. கல்லறையும் அவருக்கென்று வெட்டியதல்ல. பிறப்பின் முடிவுச் சொல்லை எடுத்துக்கொண்டு சிலுவை தொடங்குகிறது. சிலுவையின் முடிவோ மூன்றாம் நாள் விடியற்காலையில் மறுபடி மகிழ்ச்சியில் வந்து இணைகிறது.

நமது பெண்கள் இதைப் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். தாலாட்டுப் பாடிய அதே வாய்தான் ஒப்பாரியும் வைக்கிறது. இறந்த மகனைப் பார்த்து அழும் தாய், அவன் தொட்டிலில் கிடந்ததையும் தவழ்ந்ததையும் அல்லவோ சொல்லிச் சொல்லி அழுகிறாள்? கோவாவில் 1676-இல் பிறந்து, 1705 முதல் 1742-இல் மரிக்கும் வரை இலங்கையில் உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழிலே வியாகுல பிரசங்கம் எழுதிக் கொடுத்தார். விசுவாசிகள் அதைத் தபசு காலத்தில் ஒப்பாரியைப் போலவே இராகத்தோடு வாசித்துத் தியானித்து வந்திருக்கிறார்கள்.

4. வலியில்லாப் பிரசவமும் வலியுள்ள பிரசவமும்

சேசுநாதரைப் பெற்றபோது மரியம்மாள் பேறுகால வேதனைப்படவில்லை என்பது திருச்சபையின் பழைய பாரம்பரியம். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தமாஸ்கு நகர் அர்ச். அருளப்பர், பிரசவத்தில் அவள் தப்பிய வேதனையை எல்லாம் பாடுகளின் வேளையில் அனுபவித்தாள் என்கிறார். இது வெறும் அலங்காரப் பேச்சல்ல. சிலுவையில் தொங்கியபடியே ஆண்டவர் தம் அன்புச் சீடரை அவளுக்கு மகனாகவும், அவளை அவருக்குத் தாயாகவும் கொடுத்தார். அந்தச் சீடரோடு நாமும் அவளுக்குப் பிள்ளைகளானோம். ஆகவே கல்வாரியில் அவள் பட்ட வேதனை மரண வேதனை மாத்திரமல்ல, பேறுகால வேதனையும் ஆகும். நம்மைப் பெற்ற வேதனை அது. பிரசவிக்கும் பெண் வேதனைப்பட்டாலும் பிள்ளை பிறந்தபின் மகிழ்கிறாள் என்று ஆண்டவரே கடைசி இராப்போஜனத்தில் சீடருக்கு உவமை சொன்னாரன்றோ?

அப்படியானால் கல்வாரியில் அவளுக்கு மகிழ்ச்சி இருந்ததா? உலகம் சொல்லும் மகிழ்ச்சி அங்கே அணுவளவும் இல்லை. திருவள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்திலே, தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கிற தாய் அவனைப் பெற்ற நாளைவிட அதிகமாய் மகிழ்வாள் என்கிறார். வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவராதலால் அக்குறளை நன்கறிவார். ஆனால் கல்வாரியில் அந்தத் தாய் கேட்டதென்ன? வழிப்போக்கரின் தூஷணமும் பிரதான ஆசாரியரின் பரிகாசமும் அல்லவோ? எனினும் எல்லாம் முடிந்த வேளையிலே, அங்கே காவல் நின்ற நூற்றுவர் தலைவன், இம்மனிதர் நீதிமான் என்று வாய்விட்டுச் சொன்னான். சொந்த ஜனங்கள் சொல்லாததை ஓர் அந்நியன் சொன்னான். கரு மேகத்திலே ஒரு கீற்று வெளிச்சம் போல அச்சொல் சிலுவையடியில் விழுந்தது.

வேதனையும் ஆனந்தமும் ஓர் ஆத்துமத்தில் ஒரே வேளையில் இருக்கக் கூடுமா? சிலுவையில் கொடிய வேதனைப்பட்ட அதே வேளையில் கிறிஸ்துநாதருடைய ஆத்துமம் தன் உயர்ந்த பாகத்தில் பேரின்ப தரிசனத்தை இழக்கவில்லை என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதிக்கிறார். அவருக்குரிய அந்தத் தரிசனம் மரியம்மாளுக்கு இருந்ததென்று நாம் சொல்லவில்லை. அவள் விசுவாசத்தில் நடந்தவள். ஆனால் அவளுடைய மகிழ்ச்சியும் வியாகுலமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த வேர் அன்பு. அன்பில்லாதவனுக்குப் பெரிய துக்கமுமில்லை, பெரிய மகிழ்ச்சியுமில்லை.

5. மாதா அழுதாளா?

மிலான் நகர மேற்றிராணியார் அர்ச். அம்புரோசியார், மரியம்மாள் நின்றாள் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறேன், அழுதாள் என்று வாசிக்கவில்லை எனும் கருத்துப்பட எழுதினார். அவர் சொன்னது அவளுடைய திடத்தை வியந்து. அழுகிற தாய்மாரைக் கண்டிக்க அல்ல. சுவிசேஷம் அவளுடைய கண்ணீரைப் பற்றிப் பேசவில்லை என்பதால் கண்ணீர் இல்லை என்றாகாது. இலாசருடைய கல்லறையண்டையில் சேசுநாதர் கண்ணீர் விட்டார் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. சற்று நேரத்தில் அவனை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அவர் அழுதார். உத்தானத்தை அறிந்தவர் அழுதிருக்க, உத்தானத்தை நம்புகிறவர் அழுவது எப்படிக் குற்றமாகும்? நம்பிக்கையற்று அழுவது வேறு. நம்பிக்கையோடு அழுவது வேறு. மாதா சிலுவையடியில் நின்றாள், ஓடிப்போகவில்லை. அதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

ஆகையால் பிள்ளையை இழந்த தாயிடம் போகிறவர்கள் அவளுடைய கண்ணீருக்குக் கணக்குக் கேட்க வேண்டாம். அர்ச். அருளப்பரும் மதலேன் மரியம்மாளும் நின்றதுபோல அவள் பக்கத்தில் நில்லுங்கள். அதுபோதும்.

6. துக்க வீட்டில் சந்தோஷ தேவ இரகசியங்கள்

இனி முதற் கேள்விக்கு வருவோம். துக்க வீட்டில் சந்தோஷ தேவ இரகசியங்களைச் சொல்லலாமா? தாராளமாய்ச் சொல்லலாம். 2002-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்த பின், திங்களும் சனியும் சந்தோஷத்துக்கு உரியவை. அந்நாட்களில் சாவு நேர்ந்தால் முறையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற சட்டம் எதுவுமில்லை. துக்க தேவ இரகசியங்களைச் சொல்ல விரும்பினால் அதுவும் நன்று.

மரித்த பிள்ளை இவ்வீட்டில் பிறந்த அன்று உண்டான சந்தோஷம் பொய்யாய்ப் போய்விடவில்லை. அவன் ஞானஸ்நானத் தொட்டியில் சர்வேசுரனுடைய பிள்ளையானதும், முதன்முதல் நன்மை வாங்கியதும் அழிந்து போகவில்லை. கல்வாரி பெத்லகேமைப் பொய்யாக்கவில்லை. மரணம் நேர்ந்த வருஷம் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் திருநாளுக்குப் புதுத்துணி உடுப்பதில்லை, பலகாரம் செய்வதில்லை. அது ஊர் மரியாதை. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் காரணமாக்கி நடுச்சாமப் பூசைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். முன்னிட்டியில் கிடக்கும் பாலன் முக்கியமாய் உங்கள் வீட்டுக்காகவே பிறந்தார்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. மனுஷாவதாரமும் சிலுவைப் பலியும் ஒரே இரட்சணிய வேலையின் தொடக்கமும் நிறைவும் ஆகும்.
2. மாதாவின் மகிழ்ச்சிக்கும் வியாகுலத்துக்கும் வேர் ஒன்றே, அது அன்பு.
3. அழுவது அவிசுவாசமல்ல, சிலுவையை விட்டு ஓடுவதே அவிசுவாசம்.

குடும்பத்தில் செய்யத்தக்கது

இந்த வாரம் ஒரு நாள் இரவு, சாப்பாட்டுக்கு முன் குடும்பமாய் முழந்தாளிட்டு, நான்காம் சந்தோஷ தேவ இரகசியத்தை மட்டும் நிதானமாய்ச் சொல்லுங்கள். சிமையோனுடைய கையில் பாலனையும், தாயின் உள்ளத்தில் வாளையும் ஒன்றாக நினையுங்கள். உங்கள் வீட்டில் இவ்வருஷம் பிறந்தவர்களின் பெயரையும் மரித்தவர்களின் பெயரையும் சேர்த்தே சொல்லி, இரண்டையும் வியாகுல மாதாவின் மடியில் வையுங்கள். அந்த மடி இரண்டையும் தாங்கிய மடி.

உங்கள் பங்குச் சுவாமியார்,
கீரனூர்.