ஒரு கோல் வித்தியாசம்

அன்புள்ள யாழினிக்கு,

மாமா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். உன் குரல் கம்மியிருந்தது, அதனால் விட்டுவிட்டேன். காலிறுதியில் 17-18 என்று தோற்று, பேருந்தில் யாரோடும் பேசாமல் வந்தாய் என்று உன் அம்மா அப்புறம் சொன்னாள். நீ கேட்டது இதுதான்: "எப்பப் பார்த்தாலும் ஐஸ்லாந்து ஐஸ்லாந்துன்னு சொல்றீங்களே மாமா, தேடிப் பார்த்தேன். ஒரு தங்கம்கூட இல்ல. இவங்க கிட்டயா நாங்க கத்துக்கணும்?"

நீ பார்த்தது சரிதான். ஐஸ்லாந்தின் ஆண்கள் ஹேண்ட்பால் அணி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதில்லை. உலக சாம்பியன்ஷிப்பில் மேடையே ஏறியதில்லை. ஐரோப்பியக் கோப்பையும் கைக்கு வந்ததில்லை. ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம், அவ்வளவுதான். ஆனால் நீ பார்த்த பட்டியலில் ஆண்டும் இடமும் மட்டும்தான் இருந்திருக்கும். 2025 உலக சாம்பியன்ஷிப்புக்கு எதிரே 9 என்று போட்டிருக்கும். அந்த 9 எப்படி வந்தது தெரியுமா? அந்தப் போட்டியில் அவர்கள் ஆடியது 6 ஆட்டம், ஜெயித்தது 5. தோற்றது குரோஷியாவிடம் மட்டும், 26-32. இரண்டாவது குழுச் சுற்றின் முடிவில் ஐஸ்லாந்து, எகிப்து, குரோஷியா மூன்றுக்கும் ஒரே புள்ளி. தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கோல் கணக்கில் ஐஸ்லாந்து மூன்றாவதாகி வெளியே போனது. குரோஷியா இறுதிவரை போய் வெள்ளியோடு திரும்பியது. ஆறில் ஐந்து ஜெயித்த அணிக்கு ஒன்பதாம் இடம். பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் நானும் அதைச் சாதாரண அணி என்றுதான் நினைத்திருப்பேன்.

அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2008-இல் அங்கே மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 3 லட்சத்து 15 ஆயிரம். நம்ம சேலம் மாநகரத்தில் பாதிகூட வராது. ஹேண்ட்பாலுக்கு விதி எழுதி 1906-இல் அச்சிட்டவர் ஹோல்கர் நீல்சன் என்ற டென்மார்க்குப் பள்ளி ஆசிரியர். ஐஸ்லாந்து அப்போது டென்மார்க் அரசின் கீழ் இருந்தது. அதனால் ஆட்டம் அங்கே பள்ளிக்கூடம் வழியாகவே போய்ச் சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே நாளுக்கு நாலைந்து மணி நேரம்தான் வெளிச்சம். கால்பந்துக்குத் திடல் உறைந்து கிடக்கும். கூரைக்கு அடியில் ஆடக்கூடிய ஆட்டம் இது. 1957-இல் சம்மேளனம் அமைத்தார்கள், 1958-லேயே உலக சாம்பியன்ஷிப்பில் ஆடினார்கள், 1961-இல் ஆறாம் இடம். இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத காலம் அது. பி.டி. மாஸ்டராக முப்பது வருஷம் விசில் ஊதினவன் நான். ஒரு பள்ளி ஆசிரியர் தொடங்கி வைத்த ஆட்டம் இவ்வளவு தூரம் போயிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

அவர்கள் தங்கள் அணியைக் கூப்பிடும் பெயருக்கு நேர்த் தமிழ் "நம்ம பசங்க". செய்தித்தாளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உலக சாம்பியன்ஷிப்பும் ஐரோப்பியக் கோப்பையும் ஜனவரியில் நடக்கும். இருட்டு அடைத்துக் கிடக்கும் அந்த மாதத்தில் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்துவிடும்.

இப்போது 2008-க்கு வா. ஜூன் மாதத் தொடக்கத்தில் போலந்தில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. ஸ்வீடனை 29-25 என்று ஜெயித்து பெய்ஜிங் போக இடம் பிடித்தார்கள். அதே மாதம், 2009 உலக சாம்பியன்ஷிப்புக்கான தகுதி ஆட்டத்தில் மாசிடோனியாவிடம் தோற்று அந்தப் போட்டிக்கே போக முடியாமல் ஆனது. இரண்டு மாதம் கழித்து அதே பசங்க பெய்ஜிங்கில் ரஷ்யாவை 33-31, அப்போதைய உலக சாம்பியன் ஜெர்மனியை 33-29 என்று ஜெயித்தார்கள். தென்கொரியாவிடம் ஒரு கோலில் தோல்வி. டென்மார்க்கோடு 32-32, எகிப்தோடும் 32-32. காலிறுதியில் போலந்து 32-30. அரையிறுதியில் ஸ்பெயினை 36-30 என்று சாய்த்தார்கள். ஸ்பெயின் அந்தக் காலத்தில் லேசான அணி இல்லை, 2005 உலக சாம்பியன். இரண்டு அணிக்கும் நடுவில் ஆறு கோல் இருந்தது என்றால் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 24. பிரான்ஸ் 28, ஐஸ்லாந்து 23. பிரான்ஸ் கோலி தியேரி ஓமேயே அந்தத் தலைமுறையின் தலைசிறந்த கோல்காப்பாளர். அன்று தொடங்கி 2012 ஒலிம்பிக் வரை அந்த பிரான்ஸ் இரண்டு ஒலிம்பிக், இரண்டு உலக சாம்பியன்ஷிப், ஒரு ஐரோப்பியக் கோப்பை என்று வாரிக்கொண்டு போனது. ஐஸ்லாந்து 2010 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியிலும் அவர்களிடமே தோற்றது. பிறகு போலந்தை 29-26 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியது. ஆக, அந்த இரண்டு பதக்கங்களிலும் தங்கத்துக்குக் குறுக்கே நின்றது ஒரே அணி. 2012 லண்டனில் பிரான்ஸ் தங்கம் வாங்கியபோது, அவர்களைத் தோற்கடித்தது ஒரே ஒரு அணி. குழு ஆட்டத்தில் ஐஸ்லாந்து, 30-29.

பெய்ஜிங்கில் அப்போதைய ஐஸ்லாந்து ஜனாதிபதியும் மனைவி டோரிட் முசாயெஃபும் அரங்கில் இருந்தார்கள். அந்த அம்மா வெளிநாட்டில் பிறந்தவர். உணர்ச்சி பொங்கி, ஐஸ்லாந்துதான் உலகத்திலேயே பெரிய நாடு என்று அந்த ஊர் மொழியில் சொல்லிவிட்டார். 'மிகப் பெரிய' என்பதற்கு அவர் சொன்ன சொல், பேசக் கற்கும் குழந்தை தானாகக் கோத்துச் சொல்வதுபோல் இலக்கணம் தப்பியிருந்தது. யாரும் திருத்தவில்லை. அந்தத் தப்பான சொல்லையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அணி ஊர் திரும்பிய நாளில் தலைநகர் ரெய்க்யாவிக் தெருக்களில் பல்லாயிரம் பேர் நின்றார்கள். குழு விளையாட்டில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய நாடுகளில் அவ்வளவு சின்ன நாடு அதுவரை கிடையாது. அதே வருஷம் அக்டோபரில் அவர்களுடைய மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. வீடு, வேலை, சேமிப்பு என்று ஜனங்கள் இழந்து நின்ற அந்தக் குளிர்காலத்தில், ஆகஸ்டில் தெருவில் நின்ற நினைப்பு அவர்களுக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர்கள் பெயரைப் படிக்க முடியவில்லை என்றாயே. அதற்கு ஒரு சாவி தருகிறேன். நமக்கு இனிஷியல் எப்படியோ அப்படித்தான். அங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் வரும். 2008 அணியின் கேப்டன் ஓலாவுர் ஸ்டெஃபான்சோன் என்றால் ஸ்டெஃபான் மகன் ஓலாவுர். நம்ம வழக்கத்தில் எஸ். ஓலாவுர். இடது கை ஆட்டக்காரர். 2002 ஐரோப்பியக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், அந்த வருஷம் அணி நாலாவது. இப்போதைய அணியில் கீஸ்லி தோர்கெய்ர் கிறிஸ்ட்யான்சோன் இருக்கிறார். பெயரே சொல்கிறது, கிறிஸ்ட்யான் மகன். அந்த அப்பா 1986 உலக சாம்பியன்ஷிப்பில் ஆறாம் இடம் வந்த அணியில் ஆடியவர். இன்றைய பயிற்சியாளர் ஸ்னோரி ஸ்டெய்ன், பெய்ஜிங்கில் ஆடியவர். அந்த அணியின் வரலாற்றைப் படிப்பதே ஒரு வீட்டு மாடத்தில் வரிசையாக மாட்டிய போட்டோக்களைப் பார்ப்பது மாதிரிதான்.

நீ லெஃப்ட் விங் என்பதால் இன்னொருவரைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். குத்யோன் வாலுர் சிகுர்த்சோன், அவரும் லெஃப்ட் விங். நாட்டுக்காக 365 ஆட்டம், 1,875 கோல். ஆண்கள் சர்வதேச ஹேண்ட்பாலில் நாட்டு அணிக்காக இத்தனை கோல் வேறு யாரும் அடித்ததில்லை. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி ஐந்துக்கு மேல், அதுவும் விங்கிலிருந்து. அங்கிருந்து பார்த்தால் கோல் கம்பத்துக்கு நடுவே ஒரு விரல் அகலம்தான் தெரியும், உனக்கே தெரியும். அவருடைய வீடியோவை வேகம் குறைத்துப் போட்டுப் பார். ஓடி வந்து ஆறு மீட்டர் கோட்டுக்கு வெளியே மிதிப்பார். குதிப்பது கோலை நோக்கி இல்லை, நடுப்பக்கமாக. உடம்பு காற்றில் சாய்ந்து போகப் போக, விரல் அகலம் சாண் அகலமாகத் திறக்கும். பந்து தலைக்கு மேலேயே இருக்கும். கோலி அசையும்வரை விட மாட்டார். கோலியின் முழங்கால் மடங்கின நொடியில் மணிக்கட்டு மட்டும் திரும்பும், பந்து தரையில் பட்டுக் காதோரமாக உள்ளே போகும். அவர் தோளில் விழுந்து உருண்டு எழுந்து, கோலைக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் ஓடிக்கொண்டிருப்பார். நீ குதித்த உடனே வீசிவிடுகிறாய் யாழினி. காலிறுதியில் உன்னுடைய இரண்டு ஷாட் கோலி மார்பில் பட்டது அதனால்தான். அவர்கள் விரலில் பிசின் தடவிக்கொண்டு ஆடுகிறார்கள், பந்து கையோடு ஒட்டும். மண் மைதானத்தில் ஆடும் உனக்கு அது இல்லை. அதனால் பந்தைக் கையில் நிறுத்தப் பழகுவதற்கு உனக்குக் கூடுதல் நேரம் ஆகும். ஆகட்டும்.

சரி, தோல்விகளுக்கு வருகிறேன். 2007 உலக சாம்பியன்ஷிப் காலிறுதி, டென்மார்க்கிடம் கூடுதல் நேரத்தில் 41-42. 2012 லண்டனில் குழு ஆட்டம் ஐந்தும் ஜெயித்துவிட்டு, காலிறுதியில் ஹங்கேரியிடம் இரண்டு கூடுதல் நேரம் ஆடி 33-34. 2021 உலக சாம்பியன்ஷிப்பில் இருபதாவது இடம், மோசமான வருஷம். அடுத்த ஜனவரி ஐரோப்பியக் கோப்பையில் பாதி அணியைக் கொரோனா படுக்கையில் போட்டது. மிச்சம் இருந்தவர்களை வைத்துக்கொண்டு, ஒலிம்பிக் தங்கம் வாங்கி ஆறு மாதமே ஆன பிரான்சை 29-21 என்று உதைத்தார்கள். எட்டு கோல்! இரண்டு நாள் கழித்து குரோஷியாவிடம் 22-23. ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் நார்வேயிடம் கூடுதல் நேரத்தில் 33-34. இத்தனையும் பட்டியலில் 8, 5, 20, 6 என்று நாலு எண்ணாகத்தான் கிடக்கும்.

உன் நோட்டில் போட்டி முடிவு எழுதும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடு. கோல் வித்தியாசம், யாரிடம், எந்த நிமிஷம் வரை சமமாக இருந்தது, இந்த மூன்றையும் எழுது. உன் 17-18 வெறும் காலிறுதித் தோல்வியாக அங்கே இருக்காது.

பின்னடைவை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு 1989 நல்ல சாட்சி. 1988 சியோலில் பெரிய எதிர்பார்ப்போடு போய் எட்டாம் இடம். அதனால் அடுத்து கீழ்நிலையான பி பிரிவு உலகப் போட்டியில் ஆட வேண்டி வந்தது. பிரான்சில் நடந்த அந்தப் போட்டியை, இறுதியில் போலந்தை ஜெயித்து, முதலிடமாக முடித்தார்கள். 1992 பார்சிலோனாவில் யூகோஸ்லாவியா தடை செய்யப்பட்டதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். போய் நாலாம் இடம் பிடித்தார்கள்.

கடைசியாக ஒன்று, இது எந்தப் பட்டியலிலும் வராது. 2016 ரியோவில் தங்கம் வாங்கிய டென்மார்க் அணியின் பயிற்சியாளர் குத்முண்டுர் குத்முண்ட்சோன், பெய்ஜிங்கில் ஐஸ்லாந்துக்குப் பயிற்சி தந்தவர். அதே ரியோவில் வெண்கலம் வாங்கிய ஜெர்மனிக்கு தாகுர் சிகுர்த்சோன். 2024 பாரிசில் வெள்ளி வாங்கிய ஜெர்மனிக்கு ஆல்ஃப்ரெத் கீஸ்லாசோன். பெண்களில் தங்கம் வாங்கிய நார்வேக்கு தோரிர் ஹெர்கெய்ர்சோன். நாலு பேரும் ஐஸ்லாந்துக்காரர்கள். மேலே சொன்னேனே, 2025-இல் ஐஸ்லாந்தை 32-26 என்று வெளியேற்றிய குரோஷியா, அதன் பயிற்சியாளரும் அதே தாகுர்தான். தங்கம் இல்லை என்று நீ சொன்ன ஊரிலிருந்து போனவர்கள் மற்ற நாடுகளுக்குத் தங்கம் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மைதானத்துக்கு வந்துவிடு. கோலியாக நான் நிற்கிறேன், முழங்கால் முன்னைப்போல் மடங்காது, அதற்காக அவசரப்பட்டு வீசிவிடாதே. அம்மாவிடம் சொல்லி முழங்கை உறையைத் துவைத்து வைக்கச் சொல். நடுப்பக்கமாகக் குதித்தால் விழுவது அந்தப் பக்கம்தான்.

அன்புடன்,
மாமா