கம்ப்யூட்டர் தப்பான தேதியைக் காட்டுகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "நேற்றுதான் தேதியைச் சரி செய்தேன். இன்று ஆன் செய்தால் மறுபடியும் பழைய தேதியே வருகிறது. ஏன்?" பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தினமும் ஒரு முறை தேதியைத் திருத்திவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். சிலர் வைரஸ் என்று பயந்து விண்டோஸையே புதிதாகப் பதிக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

நான் சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் தொழிலில் ஒரு பிழையைத் திருத்தும் முன், அது எப்படி வருகிறது என்று கவனிப்போம். தேதிப் பிரச்னைக்கும் இதே வழிதான். தேதி எவ்வளவு தப்புகிறது, எப்போது தப்புகிறது என்ற இரண்டையும் பார்த்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும்.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

1981ல் வந்த முதல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரில், மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டாஸ் சிஸ்டம் இன்றைய தேதி என்ன என்று கேட்கும். நாம் டைப் செய்ய வேண்டும். 1984ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கம்ப்யூட்டரில்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரம் மதர்போர்டிலேயே இடம் பெற்றது. இன்றும் அதே ஏற்பாடுதான்.

இந்தக் கடிகாரத்தில் உள்ள சிறிய க்ரிஸ்டல் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் நேரம் கணக்கிடப்படுகிறது. சுவரில் உள்ள ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்திருந்தாலும், பவர் சப்ளையில் இருந்து கடிகாரத்திற்குச் சிறிதளவு மின்சாரம் கிடைக்கும். சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டால், மதர்போர்டில் உள்ள காசு போன்ற சிறிய பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டுகிறது. இதனைச் சிமோஸ் பேட்டரி என்பார்கள். நம் வீடுகளில் இரவில் சுவர் ஸ்விட்சையும் அணைக்கும் பழக்கம் உண்டு. அதனால் இங்கே இந்தப் பேட்டரிக்கு வேலை அதிகம்.

தேதி தப்பினால் என்ன நஷ்டம்?

பாதுகாப்பான இணைய தளம் ஒவ்வொன்றும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பல தளங்களின் சான்றிதழ் 90 நாட்களுக்கு மட்டுமே செல்லும். உங்கள் கம்ப்யூட்டர் 2012ம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. எனவே பிரவுசர் அந்தத் தளத்தைத் திறக்காமல் எச்சரிக்கை தரும். "யுவர் க்ளாக் இஸ் பிஹைண்ட்" என்று குரோம் சொல்வது இதைத்தான். வங்கித் தளம், மின் கட்டணம், தேர்வு விண்ணப்பம் எதுவும் திறக்காது. தேதி பல ஆண்டுகள் முன்னே ஓடினால், ஆன்ட்டி வைரஸ் தொகுப்பு தன் காலம் முடிந்துவிட்டதாக எண்ணி அப்டேட் செய்வதை நிறுத்தலாம்.

எச்சரிக்கை வந்தால் "அட்வான்ஸ்ட்" என்பதில் க்ளிக் செய்து உள்ளே போய்விடலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தேதியால் வரும் எச்சரிக்கையும் போலித் தளத்திற்கு வரும் எச்சரிக்கையும் பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். ஒன்றைத் தாண்டிப் பழகியவர் மற்றதையும் தாண்டிப் போய் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவார்.

இனி, காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. நாளும் மாதமும் இடம் மாறித் தெரிந்தால்

ஆகஸ்ட் 5ம் தேதியன்று 8/5 என்று காட்டுகிறதா? இது பழுதே அல்ல. அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். செட்டிங்ஸ் சென்று "டைம் அண்ட் லாங்குவேஜ்" பிரிவில் "ரீஜனல் ஃபார்மட்" என்பதைத் தேடி, "இங்கிலீஷ் இந்தியா" அல்லது "தமிழ் இந்தியா" எனத் தேர்ந்தெடுங்கள்.

2. சில மணி நேரம் மட்டும் தப்பினால்

காலை 10 மணிக்குக் கம்ப்யூட்டர் முந்தைய நாள் இரவு 8.30 அல்லது 9.30 என்று காட்டுகிறதா? அப்படியானால் டைம் ஸோன் அமெரிக்காவின் பசிபிக் பகுதிக்கு அமைக்கப்பட்டுள்ளது. விண்டோஸ் பதிக்கும்போது யாரும் மாற்றாமல் விட்டால் இப்படி நேரும். நீங்கள் கையால் நேரத்தைத் திருத்துவீர்கள். இணையம் கிடைத்ததும் விண்டோஸ் சரியான உலக நேரத்தை வாங்கி, பசிபிக் நேரத்திற்கு மாற்றி, நீங்கள் திருத்தியதை அழித்துவிடும். பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

டாஸ்க் பாரில் உள்ள கடிகாரத்தில் ரைட் க்ளிக் செய்து, தேதி, நேரத்தை மாற்றும் பிரிவைத் திறக்கவும். டைம் ஸோன் என்பதில் "யு.டி.சி. +05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் "செட் டைம் ஆட்டோமேடிக்கலி" என்பதை ஆன் செய்து, "சிங்க் நௌ" என்ற பட்டனை அழுத்தவும்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பலாம். லினக்ஸ் பொதுவாக மதர்போர்டு கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை.

3. ஆண்டே தப்பினால்

ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பழைய ஆண்டின் அதே தேதி வந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய மூன்று சோதனைகள் போதும். முதலில் தேதியைச் சரி செய்துகொள்ளுங்கள்.

முதல் சோதனை: ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டாவது: ஷட் டவுன் செய்து, சுவர் ஸ்விட்சை ஆனிலேயே விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மூன்றாவது: ஷட் டவுன் செய்து, சுவர் ஸ்விட்சையும் இரவு முழுவதும் அணைத்து, காலையில் பாருங்கள்.

காலையில் விண்டோஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இணையம் கிடைத்ததும் அது நேரத்தைத் திருத்திக்கொண்டு பழுதை மறைத்துவிடலாம். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயை விட்டு விட்டு அழுத்தி, பயாஸ் திரைக்குச் சென்று அங்குள்ள தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு சோதனைகளில் சரியாக இருந்து மூன்றாவதில் மட்டும் தேதி பின்னால் போனால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். வங்கித் தளம் திறக்கவில்லை. "தம்பி, கடையில் மதர்போர்டே போய்விட்டது என்கிறார்கள். பல ஆயிரம் ஆகுமாம்" என்றார். இந்த மூன்று சோதனைகளையும் அவரையே செய்யச் சொன்னேன். மூன்றாம் நாள் காலை பயாஸ் திரையில் 2012 என்று இருந்தது. பேட்டரியை மாற்றினோம். வங்கித் தளம் திறந்தது. மதர்போர்டில் எந்தக் குறையும் இல்லை.

பேட்டரியை மாற்றும் முறை

பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் லிதியம் பேட்டரி. எண்ணிலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். விலை மிகக் குறைவு.

மாற்றும் முன் பயாஸ் திரையின் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது சில மதர்போர்டுகளில் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். குறிப்பாக சாட்டா மோட், பூட் வரிசை ஆகியவை மாறினால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். பிட்லாக்கர் பயன்படுத்துபவர்கள் ரெகவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளவும்.

ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து, கேபினட்டின் உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். பேட்டரியின் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு, ஓரத்தில் உள்ள கொக்கியை விரலால் தள்ளினால் அது மேலே எழும்பும். புதியதை அதே மாதிரி வைத்து அழுத்துங்கள். மூடியைப் பொருத்தி ஆன் செய்ததும் பிழைச் செய்தி ஒன்று வரலாம், பயப்பட வேண்டாம். பயாஸில் தேதியையும், எடுத்து வைத்த படங்களைப் பார்த்து மற்ற அமைப்புகளையும் சரி செய்து சேமியுங்கள். பல மதர்போர்டுகளில் இதற்கு எஃப்10 கீ. லேப்டாப் என்றால் நீங்களே திறக்காமல் சர்வீஸ் செய்பவரிடம் கொடுப்பது நல்லது.

பழைய பேட்டரியை மேஜையில் விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக் குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

புதிய பேட்டரி போட்டபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், விண்டோஸ் அதைத் தானாகத் திருத்தாமல் விட்டுவிடலாம். எனவே முதலில் தேதியைக் கையால் சரி செய்து, அதன் பிறகே "சிங்க் நௌ" அழுத்துங்கள். மறுநாள் காலை பயாஸ் திரையில் தேதி சரியாக இருந்தால் பழுது தீர்ந்தது. பேட்டரி மாற்றிய பிறகும் தேதி பின்னால் போனால் மட்டுமே மதர்போர்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.