ஈயப் பெட்டிக்குள் என்ன இருக்கு?

சோளிங்கரில் எங்கள் தெருமுனையில் ஒரு காயலான் கடை உண்டு. லீவில் எடை போட உதவிக்குப் போவேன். கடைக்கார மாமாவுக்கு ஈயம் என்றால் உயிர், விலை அப்படி! எனக்கோ ஈயத்தைப் பார்த்தாலே மாயாபுரி ஞாபகம்தான்.

டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-லிருந்து உபயோகிக்காமல் கிடந்த காமா கதிர்க் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் ஏலம் போனது. மாயாபுரி பழைய இரும்புக்காரர்கள் அதைப் பிரித்தார்கள். ஈயக் கவசத்துக்குள் கோபால்ட்-60! அது பாதியாகக் குறைய 5.27 வருஷம். அப்படியானால் 25 வருஷம் சும்மா கிடந்தும் ஏறக்குறைய 27-ல் ஒரு பங்கு மிச்சம் (கணக்குப் போட்டுப் பாருங்கள்). ஒரு கடைக்காரர் துண்டு ஒன்றை மணிபர்சிலேயே வைத்திருந்தார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தே போனார்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். துறைமுகங்களிலும் உருக்காலை கேட்டிலும் லாரிக்கு இருபுறமும் பெரிய பிளாஸ்டிக் பலகை போன்ற டிடெக்டர்கள் வைக்கிறார்கள். காமா பட்டதும் உள்ளே மினுக்கென்று ஒளி தோன்றும். அதை மின்துடிப்பாக்கி எண்ணுவார்கள். தொல்லை என்னவென்றால் கருங்கல், டைல்ஸ், பொட்டாஷ் உரம் எல்லாமே கொஞ்சம் காமா விடும். நம்ம மலைப்பாறையும்தான்! வீண் அலாரம் நிறைய. தடிமனான ஈயத்துக்குள் வைத்தாலோ, அலாரமே வராது.

இங்கேதான் நியூட்ரான் கைகொடுக்கிறது. புளூட்டோனியம் தானாகவே நியூட்ரான் விடும். இயற்கையில் நியூட்ரான் மிகக் குறைவு என்பதால் வீண் அலாரமும் குறைவு. ஈயம் அதைச் சுலபத்தில் நிறுத்தாது. ஏன்? ஹாஸ்டல் கேரம் போர்டை நினையுங்கள். ஸ்டிரைக்கர் கட்டையில் மோதினால் அதே வேகத்தில் திரும்பும். தன் எடையுள்ள இன்னொன்றில் நேராக மோதினால் அப்படியே நின்றுவிடும். ஈய அணுக்கரு கட்டை மாதிரி. ஹைட்ரஜன் சம எடை. அதனால்தான் ஹீலியம்-3 நிரப்பிய குழாயைச் சுற்றிப் பாலிதீன் வைக்கிறார்கள். அதில் வேகம் இழந்த நியூட்ரானை ஹீலியம் விழுங்கி இரண்டாக உடையும், உடனே துடிப்பு. ஒளிப்பவன் ஈயம், பாலிதீன் இரண்டையும் அடுக்கினால், பெட்டியின் பருமனே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் கோபால்ட் நியூட்ரான் விடாது. மாயாபுரிப் பெட்டி முழுசாக இருந்தவரை எந்த கேட்டும் கத்தியிருக்குமா? சந்தேகம்தான். பிரிக்கிறவன் கண்தான் கடைசி டிடெக்டர். போன வாரம் மாமா கடைத் தராசுக்கு மேல் மஞ்சளில் மூன்று இதழ் கதிரியக்கச் சின்னத்தை வரைந்து, "இது போட்ட பெட்டி வந்தா தொடாதீங்க மாமா, தள்ளி நின்னு போலீசுக்குச் சொல்லுங்க" என்றேன்.

"ஏன்டா, ஃபேன் கம்பெனியா?" என்றார். உட்கார வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.