ஹலோ... ஹலோ... கேட்குதா? வீட்டு ரூட்டரில் பேச்சுக்கு முதல் வழி

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



"ஹலோ... உங்க குரல் விட்டு விட்டு வருது... கட் பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடுங்க!" இந்த வசனம் கேட்காத வீடு இன்று உண்டா? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் பேசினாலும் சரி, கம்பெனிக்காரர்கள் இன்டர்நெட் கால் மூலம் நம்மை இன்டர்வியூ செய்தாலும் சரி, முக்கியமான இடம் வரும்போதுதான் குரல் கிணற்றுக்குள் போய்விடும். உடனே வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று: "ஸ்பீடு பத்தலை, பெரிய பிளானுக்கு மாத்தணும்."

பல வீடுகளில் இது தப்பான மருந்து. நோய் வேறு. அந்த நோயையும் காசு செலவில்லாத மருந்தையும் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். டிப்ளமோ படிக்கிற நமக்குக் கணக்கு இல்லாமல் நம்பிக்கை வராதே!

பேச்சு எவ்வளவு இடம் கேட்கிறது?

டெலிபோன் உலகின் பழைய கோடெக் ஜி.711. ஒரு குரலுக்கு 64 கேபிபிஎஸ். இதை 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டாக வெட்டி அனுப்புவார்கள். அதாவது ஒரு செகண்டுக்கு 50 பாக்கெட். ஒரு பாக்கெட்டின் எடையைப் பாருங்கள்:

குரல் - 160 பைட்
ஆர்டிபி தலைப்பு - 12 பைட்
யூடிபி தலைப்பு - 8 பைட்
ஐபி தலைப்பு - 20 பைட்
ஈதர்நெட் முன்னும் பின்னும் - 18 பைட்
மொத்தம் - 218 பைட்

218 x 8 x 50 = 87,200. ஆக, ஒரு பக்கத்துக்கு சுமார் 87 கேபிபிஎஸ். அவ்வளவுதான்! ஜி.729 என்ற கோடெக்கில் குரல் வெறும் 8 கேபிபிஎஸ். ஐபி தலைப்புகள் சேர்த்தால் 24 கேபிபிஎஸ். 2012-இல் தரநிலையான ஓபஸ் கோடெக் லைனுக்குத் தகுந்தபடி தன் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

40 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருக்கும் வீட்டில் 87 கேபிபிஎஸ் ஒரு பொருட்டா? இல்லை. அப்படியானால் குரல் ஏன் உடைகிறது?

குற்றவாளி ஸ்பீடு அல்ல, வரிசை!

நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கௌண்டர். உங்களுக்கு வேண்டியது ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும். ஆனால் உங்களுக்கு முன்னால் முப்பது பேர், ஆளுக்கு ஒரு பெரிய தட்டோடு நிற்கிறார்கள். கௌண்டர் வேகமாகத்தான் வேலை செய்கிறது. இருந்தாலும் உங்கள் டம்ளர் நிறைய அரை மணி ஆகிறது. இங்கே பிரச்சினை கௌண்டரின் வேகமா, உங்கள் முன்னால் நிற்கும் வரிசையா?

ரூட்டரிலும் இதே கதைதான். பல பிளான்களில் டவுன்லோட் அதிகம், அப்லோட் குறைவு. அப்லோட் 1000 கேபிபிஎஸ் உள்ள ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். தங்கையின் போன், கல்யாண வீட்டில் எடுத்த போட்டோக்களை ஆன்லைனில் பேக்கப் செய்கிறது. அவை 1500 பைட் பாக்கெட்டுகளாகக் கிளம்புகின்றன. ஒரு பாக்கெட் லைனில் ஏற:

1500 x 8 / 1000 = 12 மில்லி செகண்ட்.

டிசிபி என்ன செய்யும்? பாக்கெட் தொலைகிற வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மோடத்தின் பஃபர் 256 கிலோபைட் என்றால் அதை நிரப்பிவிடும். பஃபர் நிறைந்திருக்கும்போது கடைசியில் வந்து சேரும் குரல் பாக்கெட் எவ்வளவு நேரம் நிற்கும்?

256 x 1024 x 8 / 10,00,000 = சுமார் 2.1 செகண்ட்!

ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐ.டி.யூ. அமைப்பின் ஜி.114 பரிந்துரை. 400-ஐத் தாண்டவே கூடாது. இங்கேயோ 2100! தாமதம் ஒரே அளவாக இருந்தாலாவது சமாளிக்கலாம். ஒரு பாக்கெட் 30-இல் வரும், அடுத்தது 900-இல் வரும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் ஜிட்டர் என்று பெயர். பிந்தி வந்த குரல் துண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, தூக்கி எறிய வேண்டியதுதான். அதுதான் நம் காதில் "விட்டு விட்டு" கேட்கிறது.

பஃபர் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துத்தான் தயாரிப்பாளர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். அது எவ்வளவு கெடுதல் என்பதை 2010 வாக்கில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர். வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போது இன்டர்நெட் மொத்தமும் மந்தமாவதைப் பார்த்துத்தான் அவர் ஆராய ஆரம்பித்தார். இந்த வியாதிக்கு "பஃபர் புளோட்", அதாவது பஃபர் உப்பல் என்று பெயர் நிலைத்துவிட்டது.

வார்டன் எங்கே நிற்க வேண்டும்?

சரி, மருந்துக்கு வருவோம். ரூட்டரின் செட்டிங்கில் "குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்" என்று ஒரு பக்கம் இருக்கும். சுருக்கமாக கியூ.ஓ.எஸ். அதைத் திறந்து, பேச்சுக்கு "ஹை" என்று டிக் அடித்துவிட்டு, "ஒண்ணும் மாறலையே!" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. ஏன் மாறவில்லை? இந்தக் கட்டுரையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

"தண்ணீர் மட்டும் வேண்டியவர்கள் முன்னால் வாருங்கள்" என்று ஒழுங்குபடுத்த வார்டன் மெஸ் வாசலில் நிற்கிறார். ஆனால் வாசலில் கூட்டமே இல்லை! எல்லோரும் தடையின்றி உள்ளே போய் கௌண்டர் முன்னால் நெருக்குகிறார்கள். அங்கே வார்டன் இல்லை. அவர் வாசலில் நின்று என்ன பயன்?

ரூட்டருக்கும் மோடத்துக்கும் இடையே 1000 எம்பிபிஎஸ் ஈதர்நெட். மோடத்திலிருந்து வெளியே 1 எம்பிபிஎஸ். ரூட்டரில் வரிசையே சேராது, எல்லாம் மோடத்தின் பஃபரில் போய்க் குவியும். நம் முன்னுரிமைச் சட்டம் ரூட்டரில், கூட்டம் மோடத்தில்!

என்ன செய்யலாம்? வார்டன் வாசலிலேயே ஆட்களை நிறுத்தி, கௌண்டர் பரிமாறும் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக உள்ளே விட வேண்டும். அப்போது கூட்டம் வாசலில் சேரும். அங்கே அவர் சொன்னபடி வரிசை நடக்கும். ரூட்டரிலும் அப்லோட் வேகத்தை உண்மையான அளவைவிடக் குறைத்து, 900 கேபிபிஎஸ் என்று கட்ட வேண்டும். வேகத்தைக் குறைத்தால் பேச்சு தெளிவாகும்! கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உண்மை.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். குரல் பாக்கெட் வரும்போது ஒரு பெரிய பாக்கெட் பாதி ஏறியிருந்தால், அது முடிகிற வரைதான் காத்திருக்க வேண்டும். 12,000 / 900 = 13.3 மில்லி செகண்ட். எங்கே 2100, எங்கே 13!

"அப்போ தங்கச்சி போட்டோ என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. 900-இல் பேச்சுக்கு 87 போனால் மீதி 813. ஒரு 5 மெகாபைட் போட்டோ முன்பு 40 செகண்டில் போனது, இப்போது 49 செகண்டில் போகும். 9 செகண்ட் பிந்தியது என்று போட்டோவுக்குத் தெரியுமா? ஆனால் அந்த 9 செகண்டில் ஒருவர் தன் இன்டர்வியூ பதிலைத் தெளிவாகச் சொல்லி முடித்துவிடலாம்.

செய்முறை

படி 1: வீட்டில் யாரும் நெட் பயன்படுத்தாத நேரத்தில் நிற்காமல் பிங் அனுப்புங்கள். நேரத்தைக் குறியுங்கள். பிறகு ஒரு பெரிய ஃபைலை அப்லோட் செய்துகொண்டே அதே பிங்கைப் பாருங்கள். 20 மில்லி செகண்ட் 25 ஆனால் உங்கள் லைனில் வரிசை நோய் இல்லை. 20 என்பது 600, 1000 என்று ஏறினால் நோய் உறுதி.

படி 2: கேபிள் மூலம் இணைத்து, காலை, இரவு எனப் பல நேரங்களில் அப்லோட், டவுன்லோட் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பிளானில் எழுதியிருப்பது வேண்டாம். நீங்கள் அளந்ததில் குறைவானதை எடுங்கள்.

படி 3: அதில் 90 சதவீதத்தை ரூட்டரின் கியூ.ஓ.எஸ். பக்கத்தில் எழுதுங்கள். அப்லோட், டவுன்லோட் இரண்டுக்கும் தனித்தனியாக. டவுன்லோட் வரிசை நெட் கொடுப்பவரின் பக்கத்தில் சேருகிறது, அதை நேரடியாகத் தொட முடியாது. ஆனால் நாம் இங்கே இறுக்கிப் பிடித்தால், அனுப்புகிற டிசிபி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

படி 4: எது பேச்சு என்று ரூட்டருக்கு அடையாளம் காட்டுங்கள். இதற்கு மூன்று வழி உண்டு.

முதல் வழி, கருவி. மேசையில் ஐபி போன் இருந்தால் அதன் மேக் முகவரிக்கு முன்னுரிமை கொடுக்கலாம். எளிது.

இரண்டாவது, முத்திரை. ஐபி தலைப்பில் டி.எஸ்.சி.பி. என்று 6 பிட் உண்டு. குரலுக்கு அதில் 46, அதாவது இரும எண்ணில் 101110 என்று போடுவது வழக்கம். ஐபி போன்கள் பெரும்பாலும் போடும். செல்போன் ஆப் எல்லாம் போடும் என்று சொல்ல முடியாது. வெளியே போனால் நெட் கொடுப்பவர் இந்த முத்திரையை அழித்துவிடவும் செய்யலாம். ஆகவே இது நம் வீட்டு எல்லைக்குள் மட்டும் நம்பத்தக்கது.

மூன்றாவது, எஃப்.க்யூ.-கோடெல் என்ற முறை. 2018-இல் ஆர்.எஃப்.சி. 8290 ஆக வெளிவந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து, கொஞ்சமாக அனுப்புகிறவருக்குத் தானே முதல் வழி கொடுக்கும். போர்ட் எண், ஆப் பெயர் எதுவும் எழுத வேண்டாம். ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. மென்பொருள் போட்ட ரூட்டர்களில் எஸ்.க்யூ.எம். என்ற பக்கத்தில் கிடைக்கும். உங்கள் ரூட்டரில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள்.

படி 5: முன்னுரிமை வகுப்புக்கும் ஒரு உச்சவரம்பு வையுங்கள். வீட்டில் ஒரே நேரம் இரண்டு கால் என்றால் 175 கேபிபிஎஸ். 300 வைத்தால் தாராளம். உச்சவரம்பு இல்லாவிட்டால், தப்பாக "ஹை" ஆன ஒரு வீடியோ மற்ற எல்லோரையும் பட்டினி போட்டுவிடும். கேம், டிவி, கால் எல்லாவற்றுக்கும் "ஹை" கொடுப்பவரும் உண்டு. மெஸ்ஸில் எல்லோரும் வி.ஐ.பி. என்றால் அப்புறம் வி.ஐ.பி. ஏது?

படி 6: படி 1-ஐத் திரும்பச் செய்யுங்கள். அப்லோட் நடக்கும்போதும் பிங் ஏறாமல் இருந்தால் வெற்றி! ஏறினால் 90-ஐ 85 ஆக்கிப் பாருங்கள்.

வைஃபை என்ற இன்னொரு வாசல்

இன்று ஃபைபர் லைன் வந்த வீடுகளில் அப்லோடும் தாராளம். அங்கே படி 1-இல் பிங் ஏறவில்லை, ஆனாலும் பேச்சு உடைகிறது என்றால் காற்றைச் சந்தேகப்படுங்கள். வைஃபையில் டபிள்யூ.எம்.எம். என்ற ஏற்பாடு நான்கு வகுப்பு வைத்திருக்கிறது: குரல், வீடியோ, சாதா, பின்னணி. அதை அணைக்காதீர்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். முத்திரை 46-இன் முதல் மூன்று பிட்டை மட்டும் படிக்கும் கருவிகள் 101, அதாவது 5 என்று எடுத்து, குரலை வீடியோ வகுப்பில் உட்கார வைத்துவிடும்! இதைத் திருத்தி, 6-க்கு மாற்றச் சொன்னது 2018-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8325.

மூன்று சுவர் தாண்டி இருக்கும் போனுக்கு எந்த முன்னுரிமையும் உதவாது. ரூட்டர் பக்கம் வந்து பேசுங்கள், 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், முடிந்தால் கேபிள் போடுங்கள்.

எச்சரிக்கை நான்கு

ஒன்று, நெட் கொடுப்பவரின் பெட்டியும் உங்கள் ரூட்டரும் இரண்டும் வைஃபை கொடுத்தால், பெட்டியில் நேராக இணைந்த போன் உங்கள் வார்டனை ஏமாற்றிப் பின்வாசல் வழியே போய்விடும். பெட்டியின் வைஃபையை அணையுங்கள்.

இரண்டு, கியூ.ஓ.எஸ். போட்டால் சில ரூட்டர்களில் ஹார்டுவேர் வேகம் நின்று, எல்லா வேலையும் பிராசஸர் தலையில் விழும். 300 எம்பிபிஎஸ் லைன் பாதியாகலாம். அளந்து பாருங்கள்.

மூன்று, 4ஜி, 5ஜி சிம் போட்ட ரூட்டரில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நிலையான உச்சவரம்பு அங்கே சரியாகப் பொருந்தாது. இன்னும் குறைத்து வைக்க வேண்டும்.

நான்கு, எஸ்.ஐ.பி. முறையில் பேசும் போனில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால், அது வரிசை நோய் அல்ல. ரூட்டரில் "எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி." என்பதை அணைத்துப் பாருங்கள்.

வைவாவில் கேட்டால்...

கே: கியூ.ஓ.எஸ். வேகத்தைக் கூட்டுமா?
ப: ஒரு பிட் கூடக் கூட்டாது. இருப்பதை யார் முதலில் என்று பிரிக்கும், அவ்வளவே.

கே: தொலைந்த குரல் பாக்கெட்டைத் திரும்ப அனுப்பச் சொன்னால் என்ன?
ப: அது வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த வார்த்தைக்குப் போயிருக்கும். அதனால்தான் யூடிபி.

கே: லைனில் நெரிசலே இல்லையென்றால்?
ப: வரிசை இல்லாத இடத்தில் முன்னுரிமைக்கு வேலை இல்லை. கியூ.ஓ.எஸ். போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

முடிவாக ஒரு வார்த்தை

நண்பர்களே, நம்மில் பலர் நாளை நெட்வொர்க் சர்வீஸ் வேலைக்குப் போவோம். "சார், கால் சரியா வரலை" என்று ஒரு பெரியவர் கூப்பிடுவார். பெரிய பிளானை எழுதிவிட்டு வருவது சுலபம். அவருக்கு மாதாமாதம் செலவு, குரலோ பழையபடி உடையலாம். ஏனென்றால் டவுன்லோட் இரட்டிப்பானாலும் அப்லோட் வரிசை அப்படியே நிற்கும். நாம் டெக்னீஷியன்கள். பில் எழுதும் முன் இரண்டு பிங் எடுத்துப் பார்ப்போம், சும்மா ஒன்று, அப்லோடோடு ஒன்று. நோய் வரிசை என்றால் அரை மணி நேரத்தில் செட்டிங்கை மாற்றிக் கொடுப்போம். உண்மையிலேயே லைன் போதவில்லை என்றால் அதையும் எண்ணோடு காட்டிச் சொல்வோம். அளந்து சொல்கிறவனை அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ரூட்டரில் செய்து பாருங்கள். கிடைத்த எண்களோடு லேபில் சந்திப்போம்!