உமிச் சாம்பலும் உறுதியான கல்லும்



விபூதிப் புதனன்று நெற்றியில் இடப்படும் சாம்பல் மனித வாழ்வின் நிலையாமையை நினைவூட்டுகிறது. இப்பாடத்தில் நாம் பார்ப்பது நிலையான வீட்டுக்கு உதவும் சாம்பலை. நெல் ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடக்கும் உமியிலிருந்து அது கிடைக்கிறது.

இடம்பெயர்ந்து அலைந்து, ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டத் தொடங்கும் குடும்பத்துக்குச் சீமெந்து பெருஞ்செலவு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அதன் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியதை மறந்திருக்கமாட்டீர்கள். சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டினால் கல் உதிரும். ஆனால் முறையாகச் சேர்க்கும் உமிச் சாம்பல் கல்லுக்குப் பலம் தரும்.

காரணம் என்ன? சீமெந்து நீருடன் கூடி இறுகும்போது சிறிது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. அதற்குப் பலமில்லை. உமிச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை சிலிக்கா உண்டு. அது இச்சுண்ணாம்புடன் கூடிப் பசையாகி, நுண்துளைகளை அடைக்கிறது. உவர்நீரும் இலகுவில் உட்புகாது. உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கட்டியதும் இதே முறைதான்.

செய்யும் முறை:

1. எரித்தல்: 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமியும், அதிலிருந்து 4 கிலோ சாம்பலும் கிடைக்கும். துளையிட்ட தகரப் பீப்பாவில், விசிறாமல், மெல்லக் கனிய விடுங்கள். தணல் மங்கிய சிவப்பாக இருக்கட்டும். செம்மஞ்சளாகப் பிரகாசித்தால் சூடு 700 பாகையைத் தாண்டிவிட்டது. அச்சாம்பல் சுண்ணாம்புடன் எளிதில் கூடாது. கறுப்புச் சாம்பலில் கரி மிகுதி, அதையும் தவிருங்கள். சாம்பல் நிறமே நல்லது.

2. அரைத்தல்: சீமெந்தைப் போல நுண்மையாக அரைத்து அரியுங்கள். தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

3. அளத்தல்: 9 கிலோ சீமெந்துக்கு 1 கிலோ சாம்பல். சாம்பல் பாரமற்றது, ஆகவே வாளியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். பையில் கலப்புச் சீமெந்து என்று அச்சிட்டிருந்தால் சாம்பல் சேர்க்க வேண்டாம். அதில் ஏற்கெனவே வேறு பொருட்கள் கலந்திருக்கும்.

4. குழைத்தல்: சாம்பல் நீரை உறிஞ்சுவதால் கலவை வரண்டு தோன்றும். அதற்காகத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் பலம் கெடும். சிறிது சிறிதாகச் சேர்த்து நன்கு குழையுங்கள்.

5. நனைத்தல்: ஈரச் சாக்கால் மூடி 14 நாட்கள் காயாமல் காக்க வேண்டும். சாம்பலின் வேலை மெதுவாகவே நடக்கும். இங்கே அவசரப்பட்டால் முன்செய்த உழைப்பு வீண்.

முதலில் சாம்பல் சேர்த்து 6 கற்களும் சேர்க்காமல் 6 கற்களும் அரிந்து பாருங்கள். 28 நாட்களின் பின் காய்ந்த கற்களை நிறுத்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மீண்டும் நிறுங்கள். குறைவாக நீர் குடித்த கல்லே நெருக்கமானது. சோதித்த பின்னரே சுவருக்கும் தரைக்கும் பயன்படுத்துங்கள். கம்பி கட்டும் வளைக்கும் தட்டுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேளாமல் சேர்க்க வேண்டாம். அவை தலைக்கு மேல் நிற்பவை; கீழே உறங்குவது நம் பிள்ளைகள்.

கூடிப் பேச:

உங்கள் ஊர் ஆலையின் உமி எங்கே போகிறது?

ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பீப்பாவும் ஒரு தராசும் வாங்க முடியாதா?